கணக்குக்கு மேல் பதினொரு லாரி

தௌகவா ஆறு திரும்பும் இடத்தில்
நகராட்சி ஒரு சுவரைக் கட்டியது.
எதையும் மறைக்க அல்ல,
யாரையும் தடுக்க அல்ல.
பறவைகள் குடியிருக்க.

நாற்பது மீட்டர் நீளம், நடுவில் ஒரு நெளிவு,
மண்ணும் சுண்ணாம்பும் படலம் படலமாய் இடித்து இறுக்கியது.
முந்நூற்றுப் பன்னிரண்டு துளைகள்.
ஒவ்வொன்றும் முழங்கை வரை கை போகும் ஆழம்.
மழைநீர் தங்காதிருக்க
உள்ளே போகப் போக மெல்ல ஏறும் சாய்வு.
இத்தனையும் வீஸ்மா வரைந்தது.
பழைய கரையைக் கான்கிரீட் தகைந்த பிறகு
தகைவிலான்கள் எங்கே போயின என்று
அவளைத் தவிர
ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.
எனக்கும்தான்.

நான் ஓயார்ஸ். மண்வாரி ஓட்டுபவன்.
சுவருக்கு வந்த மணலில்
பதினொரு லாரி மிஞ்சிவிட்டது.
பிழை வேறு யாருடையதோ,
விடிந்தது என் தலையில்.
வாகன நிறுத்தத்துக்கு ஒதுக்கிய மூலையில் குவித்து,
சாலையில் சரியாதபடி
ஒரு பக்கத்தைச் செங்குத்தாக வெட்டிவிட்டு
பனிக்காலத்துக்கு வீடு போய்ச் சேர்ந்தேன்.

மே மாதம் மேயர் நாடா வெட்டினார்.
பித்தளை வாத்தியங்கள் முழங்கின.
பிள்ளைகளின் கையில் காகிதப் பறவைகள்.
சகாராவைத் தாண்டி வந்தவை
சுவரை மேலும் கீழும் பார்த்தன,
ஓரிரண்டு துளைக்குள் தலையும் நீட்டின.
பிறகு,
வீட்டுத் தரகரிடம்
'சொல்லி அனுப்புகிறோம்' என்பவர்களைப் போல
கிளம்பிவிட்டன.

அடுத்த செவ்வாய்க்கிழமை
மணலை அள்ள வந்தேன்.
என் குவியலில் பத்தொன்பது பொத்தல்.
வரைபடம் இல்லை, ஒப்பந்தம் இல்லை.
அலகு, நகம்.
ஒன்று கோணல். இரண்டு ஒட்டிக்கொண்டு.
ஒன்று பாதியில் நின்றுவிட்டது,
உள்ளே கல் தட்டியிருக்கும்.

சுற்றுச்சூழல் துறை ஸ்கைத்ரீத்தே
மஞ்சள் நாடா கட்டினாள்.
"இது மணல் இல்லை இப்போது. வாழிடம்.
குஞ்சுகள் பறக்கும் வரை தொட்டால் வழக்கு."
இறைச்சிக்கடை குன்வால்திஸ்
காரை நிறுத்த இடமில்லை என்று மனுக் கொடுத்தார்.
கொடுத்துவிட்டு, தினமும் மாலையில்
கடையைப் பூட்டி
நாடாவுக்கு இப்பால் நின்று
வாய் பிளந்து பார்த்தார்.

வீஸ்மா வந்த அன்று
அழுவாள் என்று நினைத்தேன்.
வண்டிச் சங்கிலியின்மேல் உட்கார்ந்து
கருப்பு ரொட்டியைப் புகையூட்டிய மீனோடு தின்றாள்.
நீண்ட நேரம் கழித்துக் கேட்டாள்:
"எந்தக் கரண்டியால் வெட்டினாய்? பல் இல்லாததா?"
"பல் உள்ளது. மற்றது பழுதுபார்க்கப் போயிருந்தது."
அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.
பிறகு, கையைத் துடைத்துக்கொண்டு,
"என் சுவர் ரொம்ப வழுவழுப்பு" என்றாள்.
சொன்னது என்னிடம் இல்லை.

செப்டம்பரில் கம்பியிலிருந்த கடைசி வரிசையும் போயிற்று.
சுவரின் நான்கைந்து துளைகளில் தனித்தேனீக்கள்.
ஒன்றில் யாரோ ஒளித்த சிகரெட் பெட்டி.
குவியலுக்கு ஒரு கோப்பு திறந்திருந்தார்கள்.
வகை: பொதுக்கலை, பகுதி இரண்டு.
பொருள்: மணல்.
கலைஞர் என்ற கட்டத்தில்
ஸ்கைத்ரீத்தே என் பெயரைப் போட்டிருந்தாள்.
அடிக்கச் சொன்னேன்.
அடித்தாள். கட்டம் காலியாகவே போயிற்று.

எனக்கு வந்த உத்தரவு இவ்வளவுதான்:
முகப்பை மட்டும் ஒரு முழம் புதிதாய் வெட்டு,
பல்லுள்ள கரண்டியால்,
அடுத்த மே மாதத்துக்கு.

எஞ்சினை முடுக்கும் முன்
இறங்கிப் போய்
யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு
ஒரு துளைக்குள் கையை விட்டேன்.
மணிக்கட்டு. முழங்கை.
அங்கே நிற்க வேண்டிய கை
நிற்கவில்லை.
தோள் இடிக்க, கன்னம் குளிர்ந்த மணலில் பதிய
விரல்களை நீட்டினேன்.
இன்னும் கொஞ்சம்.
நுனியில் ஒரு இறகோ, வைக்கோலோ
உரசியது போலிருந்தது.
அதற்கு அப்பாலும்
இருட்டு போய்க்கொண்டே இருந்தது.

காதுக்குள் புகுந்த மணல்
ஞாயிற்றுக்கிழமை வரை
கரகரத்தது.